எஞ்சினுக்கு பி.பி. 300

ஷார்ஜா,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே நான் நலம். அங்கே அத்தை, மாமா, நீ, புதுசாகப் பிறந்த கன்றுக்குட்டி எல்லாரும் நலம் என்றும், ஆர்எக்ஸ் 100 மட்டும் மறுபடி படுத்துவிட்டது என்றும் உன் வாய்ஸ் மெசேஜில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மெசேஜில் முக்கால்வாசி அந்த மெக்கானிக்கின் பரம்பரைக்கு நீ பாடிய வாழ்த்து. தெரியாமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். தமிழே தெரியாத ரூம்காரர்கள் எழுந்து வந்து, ஊரில் யாராவது தவறிவிட்டார்களா என்று துக்கம் விசாரித்தார்கள். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாய்: “துபாய்லேர்ந்து ஒரிஜினல் பிஸ்டன் ஒண்ணு யார்கிட்டயாவது குடுத்துவிடு மச்சான்.”

முதலில், நான் இருப்பது துபாய் இல்லை, ஷார்ஜா. சொல்லிப் பயனில்லை என்று தெரியும். வம்பன் நால்ரோட்டு டீக்கடையைப் பொறுத்தவரை திருச்சி ஏர்போர்ட்டைத் தாண்டினால் எல்லாமே துபாய்தான். மலேசியாவில் இருக்கிற நம் பங்காளிகூடத் துபாயில்தான் இருக்கிறான். அடுத்தது, இங்கே ரோட்டில் ஒரு ஆர்எக்ஸ் 100-ஐக்கூட நான் பார்த்ததில்லை. கடையில் கேட்டால் இந்தியாவிலிருந்து வரவழைத்து, திர்ஹாமில் விலை போட்டு என் தலையில் கட்டுவான். அதை நான் திரும்பவும் விமானத்தில் ஏற்றித் திருச்சிக்கு அனுப்ப வேண்டும். நம் வம்சத்தில் யாரும் சுற்றாத ஊரையெல்லாம் அந்தப் பிஸ்டன் சுற்றியிருக்கும்.

இதெல்லாம் கிடக்கட்டும். முதல் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்தது. புதுசு போட்டீர்கள். அதுவும் பிடித்தது. இப்போது மூன்றாவது கேட்கிறாய். முதல் பிஸ்டன் ஏன் செத்தது என்று உங்களில் ஒருத்தராவது கேட்டீர்களா? சாவு வீட்டில்கூட முதல் கேள்வி அதுதானே? இதே கூத்து போன வாரம் எங்கள் கராஜிலும் நடந்தது. அதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் ‘ஆட்டோமொபைல் கம்பெனியில் டெக்னீசியன்’ என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையில் இது மணல்மேட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் குவாட் பைக் கராஜ். துபாயிலிருந்து ஹத்தா போகும் ரோட்டில் அல் பதாயர் என்று ஒரு இடம். அங்கே சுமார் 100 மீட்டர் உயரத்துக்குச் சிவப்பு மணல் குவிந்து கிடக்கிறது. பிக் ரெட் என்பார்கள். நாலு பலூன் டயர், ஒரு ஹேண்டில்பார், நடுவில் எஞ்சின், இவ்வளவுதான் குவாட். அதில் உட்கார்ந்து மேட்டில் ஏறுவார்கள், இறங்குவார்கள். வீடியோ காலில் அப்பத்தாவுக்குக் காட்டினேன்.

“மேல போயி என்னடா வாங்கிட்டு வர்றாக?”

“ஒண்ணும் வாங்கலை அப்பத்தா. ஏறி இறங்குறாக.”

“அதுக்குக் காசு வேற குடுக்கிறாகளா?”

குடுக்கிறார்கள். அந்தக் காசில்தான் உன் மச்சானுக்குச் சம்பளம்.

வாடகைக்கு விடும் குவாட்கள் எல்லாம் இப்போது ஃபோர் ஸ்ட்ரோக்தான். ஆனால் வசதியான வீட்டுப் பையன்கள் சிலபேர் யமஹா பான்ஷீ என்று ஒரு பழைய டூ ஸ்ட்ரோக்கைப் பிள்ளைமாதிரி வைத்துக் காப்பாற்றுகிறார்கள். 1987-ல் வந்த வண்டி. அமெரிக்காவில் 2006-உடன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 347 சிசி, இரண்டு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர், தண்ணீரால் குளிரும் எஞ்சின். செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, ரிவர்ஸ் கியரும் கிடையாது. பின்னால் போக வேண்டுமென்றால் இறங்கித் தள்ள வேண்டும். நம் ஊரில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-லிருந்து ராஜ்தூத் 350 என்று ஒன்று விற்றதே, மாமா அடிக்கடி பெருமூச்சு விடுவாரே, அது யமஹா ஆர்டி 350. அதன் வழியில் பின்னால் தண்ணீர் குளிர்ச்சியோடு வந்த எஞ்சின்தான் பான்ஷீக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆக உன் ஆர்எக்ஸுக்கும் இதற்கும் பங்காளி முறை. ஆலங்குடி ரோட்டில் கற்ற தொழில் அரபு நாட்டில் சோறு போடுவது இப்படித்தான்.

ஒரு சாயங்காலம் பான்ஷீ ஒன்றைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தான் ஒரு இளவட்ட அர்பாப், அதாவது அரபு முதலாளி. வேறொரு கராஜில் புதுப் பிஸ்டன் போட்டு வாங்கியிருக்கிறான். லீவு நாளில் மணலுக்குப் போனான், பாதி மேட்டில் பிடித்துவிட்டது. “பிஸ்டன் பதல் கரோ. ஜும்மாவுக்கு வேணும்” என்றான், வளைகுடா இந்தியில். பிஸ்டனை மாற்று, வெள்ளிக்கிழமைக்கு வேணும் என்று அர்த்தம். அந்த இந்தி டெல்லிக்காரனுக்குப் புரியாது, எங்களுக்கு நன்றாகப் புரியும். ஷார்ஜாவில் 2022-லிருந்து அரசாங்க ஆபீசுகளுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் லீவு. அவர்களுக்கு லீவு என்றால் எங்களுக்கு அந்த மூன்று நாளும் திருவிழா டூட்டி.

வண்டியைச் சுற்றிப் பஞ்சாயத்து கூடியது. எங்கள் தலைமை மெக்கானிக் கான் சாப், பெஷாவர்க்காரர், டூ ஸ்ட்ரோக் ரிக்‌ஷாவில் தொழில் பழகியவர். கிக்கரை ஒரு மிதி மிதித்துவிட்டு “ஜெட்” என்றார். பார்ட்ஸ் கவுண்டரில் இருக்கும் திருச்சூர் சேட்டன் எழுந்துகூடப் பார்க்காமல் “காயில்” என்றார். வண்டி கழுவும் வங்காளதேசத்துத் தம்பி “பெட்ரோலில் தண்ணி” என்றான். மேனேஜர் மட்டும் “முதலில் அட்வான்ஸ்” என்றார்.

கான் சாப் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்த ஊரில் கோடையில் காற்று கொதித்து மெலிந்து கிடக்கும். அதற்குத் தகுந்தபடி, கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டைச் சின்னதாகப் போட்டு ஓட்டுவார்கள். கார்த்திகை பிறந்து ராத்திரியில் குளிர்ந்ததும் காற்று கனத்துவிடும். அதே ஜெட்டில் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் வராது. கலவை வறண்டு, எஞ்சின் சூடேறி, பிஸ்டன் உருகிப் பிடிக்கும். சீசன் தொடக்கத்தில் எங்களுக்கு வரும் கேஸ்களில் நிறைய இந்த வகைதான். அதனால் அவர் கையை நீட்டிய இடம் தப்பில்லை. ஆனால் கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்த்தோம். வலது சிலிண்டர் 120 பி.எஸ்.ஐ. காட்டியது. இடது அதில் பாதிகூட இல்லை.

ஹெட்டைத் தூக்கினோம். மாப்ள, செத்த பிஸ்டன் எதையும் மறைக்காது, பார்க்கத் தெரிந்தால் போதும். சைலன்சர் பக்கம் மட்டும் கோடு கோடாகக் கிழிந்திருந்தால் சூட்டில் பிடித்தது. கார்பரேட்டர் பக்கம் கிழிந்திருந்தால் ஆயில் போதவில்லை என்று சந்தேகப்படலாம். நாலு மூலையிலும் நாலு தழும்பு இருந்தால், எஞ்சின் சூடாகுமுன் அவசரக்காரன் முறுக்கியிருக்கிறான்: பிஸ்டன் விரிந்துவிட்டது, தண்ணீர் சுற்றிய சிலிண்டர் இன்னும் விரியவில்லை. அர்பாப்பின் இடது பிஸ்டனில் சைலன்சர் பக்கம் தோல் உரிந்து கிடந்தது. பிளக் எலும்பு வெள்ளை. அதன் பீங்கானில் மிளகுப்பொடி அளவுக்கு அலுமினியத் துளிகள் ஒட்டியிருந்தன. வலது பிஸ்டனோ, வலது பிளக்கோ? ஃபில்டர் காபி நிறம். அப்படியே மாட்டி ஓட்டலாம்.

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், ஆனால் இங்கேதான் எல்லாரும் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு பிஸ்டனுக்கும் ஒரே டேங்க், ஒரே பெட்ரோல். பான்ஷீயில் ஆயில் பம்ப் கிடையாது, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், ஆக ஆயிலும் ஒன்றுதான். ஓட்டியவனும் ஒருத்தன், ஏறிய மேடும் ஒன்று. பெட்ரோல் கெட்டதென்றால் இரண்டும் செத்திருக்க வேண்டும். ஆயில் குறைந்தாலும் இரண்டும். குளிருக்கு ஜெட் போதவில்லை என்றாலும் இரண்டும். ஒன்று மட்டும் செத்தது என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் உள்ள ஏதோ ஒரு வியாதி. இரண்டு கார்பரேட்டரையும் பிரித்து ஜெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே நம்பர், இரண்டிலும் அடைப்பு இல்லை.

அர்பாப்பிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் சத்தம் உடனே இறங்குமா? அவன் முகம் மலர்ந்தது. “இல்லை, கொஞ்ச நேரம் தானாகவே ஏறி நிற்கும். புதுப் பிஸ்டனின் பவர்.”

அது பவர் இல்லை மாப்ள, ஜன்னி.

டூ ஸ்ட்ரோக்கின் சூட்சுமம் முழுக்க அடிவயிற்றில் இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் இருக்கும் அறையில் வெறும் ஆயில் கிடக்கும். நம் வண்டியில் அந்த அறைதான் கொல்லுப்பட்டறைத் துருத்தி. பிஸ்டன் மேலே போகும்போது கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் காற்றை உறிஞ்சும்; கீழே வரும்போது அதை அமுக்கி மேலே தள்ளும். துருத்தித் தோலில் ஊசி ஓட்டை விழுந்தால் ஆசாரி எவ்வளவு ஊதினாலும் உலையில் அனல் சரியாக வராது. எஞ்சினில் ஒரு படி மேலே போய், அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே நுழையும். பெட்ரோல் அதே அளவு, காற்று மட்டும் கூடுதல். அதனால்தான் ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் இறங்காமல் தொங்குகிறது. அதோடு டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் வருவதே பெட்ரோலோடு சேர்ந்துதான். கலவை வறண்டால் ஆயிலும் வறளும். பிஸ்டன் எரிந்துகொண்டே காயும்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சைலன்சர் வாயையும் கார்பரேட்டர் வாயையும் அடைத்து, உள்ளே மெதுவாகக் காற்றடிக்க வேண்டும். 6 பி.எஸ்.ஐ. போதும். மேலே போனால் சீல் பிதுங்கிவிடும். 6 நிமிஷம் அந்தக் காற்று நிற்க வேண்டும், முள் இறங்கக் கூடாது. எங்கள் கராஜில் இருக்கும் கேஜ் எல்லாம் டயருக்கானது, 6 பி.எஸ்.ஐ.யை அது மதிக்கவே மதிக்காது. சின்ன அளவைக் காட்டும் கேஜுக்கு எங்கே போவது?

மேனேஜர் மேஜை டிராயரில் ஒன்று இருந்தது. மனிதர் ரத்தக்கொதிப்புக்காரர். காலையில் டயல் வைத்த பி.பி. மிஷினைக் கையில் சுற்றி, தானே பம்ப் அடித்து, முள்ளைப் பார்த்து, எங்களைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறப்பார். அந்த டயலின் கடைசிக் கோடு 300. கணக்குப் போட்டால் அது 5.8 பி.எஸ்.ஐ. எஞ்சினுக்கென்றே செய்து வைத்ததுபோல் அமைந்துவிட்டது. அவர் தொழுகைக்குப் போன நேரத்தில் சேட்டன் டிராயரைத் திறந்தார். கைப்பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ரப்பர் குழாயை மட்டும் எஞ்சினோடு இணைத்தோம். ஹெட்டைப் பழையபடி மூடி, சைலன்சர் வாய் இரண்டிலும் பழைய டியூபை வெட்டி வைத்துத் தகடால் இறுக்கியாயிற்று. கார்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் பூட்டுகளில் ஒன்றுக்கு மரக்கட்டை. இன்னொன்றில் குழாய் சொருகிய ரப்பர் அடைப்பான். கான் சாப் குண்டுப் பந்தைப் பிடித்து அமுக்க, முள் 100, 200 என்று ஏறியது. 300-ஐத் தொட்ட நேரத்தில் வாசலில் மேனேஜர்.

அவர் எஞ்சினைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார்.

“யாருக்கு 300?”

“பான்ஷீக்கு சார். இதுக்கு இதான் நார்மல்” என்றேன்.

மனிதர் கத்துவார் என்று நினைத்தோம். பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தன்னுடையதைவிட மோசமான பி.பி.யை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. முள் 300-லிருந்து மெல்ல இறங்க ஆரம்பித்தது. 280. 250. “இறங்குது, நல்லதுதானே?” என்றார் நம்பிக்கையோடு. இந்த நோயாளிக்கு இறங்கினால்தான் ஆபத்து என்று விளக்கினேன். வங்காளத் தம்பி பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு மூட்டிலும் தடவினான். ரேடியேட்டர் வாயைத் திறந்து பார்த்தோம். அங்கே குமிழி வந்தால் ஹெட் பாக்கிங் போச்சு என்று அர்த்தம். வரவில்லை. ரப்பர் பூட்டுகள், அவற்றை இணைக்கும் குறுக்குக் குழாய் எல்லாம் சுத்தம். ரப்பர் பூட்டு விரிசல் விட்டுக் காற்று இழுப்பது இந்த வண்டியின் பிறவிக் குணம், ஆனால் இதில் இல்லை. கடைசியாக இடது பக்கம் மேக்னெட்டைப் புல்லர் போட்டுக் கழற்றி, அதன் பின்னால் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் ஆயில் சீலில் பிரஷ் வைத்தான். ஒரு குமிழி வந்தது. அது உடையாமல் கண்ணாடி கோலி அளவுக்குப் பெருத்தது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் நுரை நுரையாக.

கான் சாப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “தோ பிஸ்டன் மர்ஹூம், ஏக் சீல் கே வாஸ்தே” என்றார். ஒரு சீலுக்காக இரண்டு பிஸ்டன் காலமாகிவிட்டதாம். மேனேஜர் குமிழியை போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பத்துப் பதினைந்து திர்ஹாம் சாமான், மாப்ள. ரப்பர் வளையம், நடுவில் ஒரு மெல்லிய உதடு, அதைப் பிடித்துக்கொள்ள நூல் ஸ்பிரிங். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து உதடு விறைத்துவிட்டது. அதை யாரும் பார்க்காமல் மேலே புதுப் பிஸ்டனாகப் போட்டுக்கொண்டே இருந்தால், வருஷம் முழுக்கப் போட்டாலும் எஞ்சின் தின்றுகொண்டே இருக்கும். பில் எழுதுபவருக்கு நல்ல வருமானம், அது வேறு விஷயம்.

இந்த எஞ்சினில் அந்த சீலை ஒழுங்காகப் பதிக்கக் கிராங்க் கேஸையே பிளக்க வேண்டும். பிளந்தோம். சாமான் வர ஒரு நாள் ஆனது. டீ குடித்துக்கொண்டே கான் சாப்புக்கு எர்ன்ஸ்ட் டெக்னர் கதை சொன்னேன். உனக்கும் சொல்லிவிடுகிறேன், நால்ரோட்டில் அவிழ்த்துவிட உதவும். கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். என்று ஒரு பைக் கம்பெனி. அங்கே வால்ட்டர் காடன் என்ற எஞ்சினியர், சைலன்சர் குழாயை நடுவில் வயிறு பருத்து, கடைசியில் ஒடுங்கும்படி செய்தார். வெளியே ஓடிப்போகும் பெட்ரோல் காற்றை அந்தக் குழாயின் உள்ளே எழும் அலையே திருப்பி அடித்து சிலிண்டருக்குள் தள்ளும். டூ ஸ்ட்ரோக்குக்குப் பெரிய பலம் வந்தது இதனால்தான். டெக்னர் அந்தக் கம்பெனியின் பந்தய வீரர். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மனைவி, பிள்ளைகளைக் கார் டிக்கியில் மறைத்து மேற்கே கொண்டுவந்தார்களாம். அந்தப் பந்தயத்தில் அவருடைய எஞ்சினும் பாதியில் நின்றுபோனது என்பது நமக்கு ஆறுதலான செய்தி. பிறகு அந்த வித்தையோடு ஜப்பானுக்குப் போனார். 1962-ல் சுசுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டமே வாங்கிவிட்டார். நாடு விட்டு நாடு கடத்திக்கொண்டு வந்த அந்த வயிற்றைத்தான் நீ ‘சத்தம் வரலை’ என்று ஆக்சா பிளேடால் அறுத்து, பேஃபிளைக் கழற்றி வைத்திருக்கிறாய். அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

பிஸ்டன் வேலை இப்படி நடந்தது. சிலிண்டரில் கீறல் விழுந்துவிட்டதால் ரீபோர் போட வேண்டியதாயிற்று. கம்பெனி அளவு 64 மி.மீ. அதிலிருந்து கால் கால் மில்லியாக ஓவர்சைஸ் கிடைக்கும். லேத்துக்காரரிடம் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. வாங்கிய பிஸ்டனையும் கூடவே கொடுத்து, அதை அளந்து அதற்குத் தகுந்த மாதிரி போர் போடச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஆறு பங்கு, தலைமுடிக் கனம். போர் போட்டபின் போர்ட்டுகளின் ஓரத்தை லேசாக மழுக்க வேண்டும். கத்தி முனையாக விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். அப்புறம் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு சிலிண்டரைக் குளிப்பாட்ட வேண்டும், வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாத வரைக்கும். கான் சாப் தன் பழைய பனியனைத் தியாகம் செய்தார். பெட்ரோலில் அலசினால் போதும் என்று நம் ஊரில் விட்டுவிடுவார்கள். ஹோனிங் கல்லின் பொடி பெட்ரோலுக்கு அசையாது, சோப்புக்குத்தான் அசையும்.

ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் பிஸ்டனில் ஒரு குட்டி ஆணி இருக்கும். முனைகள் அந்த ஆணியைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பிஸ்டன் தலையில் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை மட்டும் கழுவிக் காயவைத்து, ஆயிலில் நனைத்துப் பிழிந்து போட்டோம். இந்த ஊர் மணல் மைதா மாவு பதம். அது உள்ளே போனால் பிஸ்டனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடும்.

பூட்டியதும் முதலில் மறுபடி பி.பி. பார்த்தோம். இந்த முறை மேனேஜரே பந்தை அமுக்கினார். முள் 300-ல் நின்றது, ஆறு நிமிஷம் அசையவில்லை. அவர் கண்ணில் பொறாமை தெரிந்தது. ஸ்டார்ட் செய்து, சூடானதும் நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தோம். அர்பாப் வாசலில் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மணலுக்குப் போனாலும் இன்று முழுசாக முறுக்கக் கூடாது என்று கான் சாப் சத்தியம் வாங்கினார். அவன் சத்தியம் எத்தனை தூரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆக்சிலேட்டரை விட்டதும் சத்தம் டக்கென்று இறங்கியது. எனக்கு அது போதும்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-ல் நின்றது. ஆக மாமா வண்டியின் ஒரிஜினல் சீல் இன்னும் உள்ளே இருந்தால் அதற்கு உன்னைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. உன் வண்டிக்கு ஒரே சிலிண்டர், பக்கத்தில் நின்று சாட்சி சொல்ல இன்னொன்று இல்லை. அதனால் நீதான் விசாரிக்க வேண்டும். செத்த இரண்டு பிஸ்டனையும் தூக்கிப் போடாதே. எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று வெயிலில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. பிளக்கையும் சேர்த்து எடு.

கார்பரேட்டர் பக்கம் கிழிந்திருந்தால் ஆயில் பம்பைப் பார். உன் வண்டிக்கு ஆயில் தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாக வருகிறது. வேலை பார்த்தவர் ஆயில் குழாயைக் கழற்றி மாட்டியிருந்தால் அதில் காற்று அடைத்திருக்கும். பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து குமிழி நிற்கும்வரை வடியவிட வேண்டும். அதற்கு முன் வண்டியை ஓட்டினால் பிஸ்டன் வறட்டு ஓட்டம்தான் ஓடும். பம்புக்குப் போகும் கேபிள் தொங்கிக் கிடக்கிறதா என்றும் பார்.

சைலன்சர் பக்கம் கிழிந்திருந்தால் காற்று. மேக்னெட் பக்க சீல் போயிருந்தால் நான் சொன்ன மாதிரி ஆக்சிலேட்டர் இறங்காது. கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும், வெள்ளைப் புகை கட்டும், கியர் ஆயில் எங்கே போகிறது என்றே தெரியாமல் குறையும். யார் வீட்டிலாவது டயல் வைத்த பழைய பி.பி. மிஷின் இருந்தால் இரவல் வாங்கு. அத்தை வைத்திருக்கும் பேட்டரி மிஷினைத் தொடாதே. அது எஞ்சினுக்கு நாடி பார்த்துவிட்டு எரர் என்று சொல்லும். சைக்கிள் பம்பையும் எடுக்காதே, உன் வேகத்துக்கு இரண்டே அடியில் சீல் தைலமரக்காட்டில் போய் விழும்.

சீல் அங்கேயே புதுக்கோட்டையில் கிடைக்கும். இரண்டு பக்கமும் மாற்று, ஒன்றை மட்டும் மாற்றிக் கஞ்சத்தனம் பண்ணாதே. பிஸ்டன் பின் சர்க்கிளிப்பைப் போடும்போது கிராங்க் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துக்கொள். பழைய சர்க்கிளிப்பைத் திரும்பப் போடாதே. சைலன்சருக்குப் பழைய பேஃபிளை மாட்டிவிடு. அதைக் கழற்றினாலும் கலவை வறளும், ஜெட்டை மாற்றாமல் சத்தத்தை மட்டும் மாற்ற முடியாது. வல்லத்திராக்கோட்டை ஸ்டேஷனில் இருப்பவர்களுக்கும் ராத்திரியில் தூக்கம் வேண்டுமல்லவா?

அந்த மெக்கானிக்கை ரொம்பத் திட்டாதே. பிஸ்டன் போடச் சொன்னாய், போட்டுக் கொடுத்தார். ஏன் பிடித்தது என்று பார்க்க நீ கூலி கொடுத்தாயா? பாதி நாள் உட்கார்ந்து சோப்புத் தண்ணீர் தடவுவதற்கு நம் ஊரில் யாரும் காசு தருவதில்லை. சாமானைக் கண்ணில் பார்த்தால்தான் பர்ஸைத் திறக்கிறோம். இங்கேயும் அப்படித்தான்: பில்லில் ‘ஓட்டை கண்டுபிடித்த கூலி’ என்று எழுதினால் அர்பாப் சண்டைக்கு வருவான் என்று மேனேஜர் அதை ‘இன்ஜின் ஹெல்த் செக்கப்’ என்று எழுதினார். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் கீரமங்கலத்து ஆள் ஒருத்தர் லீவில் வருகிறார். அத்தைக்குக் கோடாலித் தைலம், மாமாவுக்கு டார்ச் லைட், அப்பத்தாவுக்கு பால் பவுடர் கொடுத்துவிடுகிறேன். உனக்கு ஒரு ஃபீலர் கேஜ். ரிங் இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடுகள் கொண்டது, ஒவ்வொன்றிலும் கனம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். வந்த அன்றே ஒளித்து வை. போன தடவை அனுப்பிய ஸ்டீல் ஸ்கேலை வைத்து அத்தை தோசைக்கல் சுரண்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இப்படிக்கு,
உன் மச்சான்.